சாச்சிக்கு விடுபட்ட நோன்புகள்

ஒன்பது வயதில் எனக்கு ஒரு திட்டம் இருந்தது. ரமழானின் முப்பது நோன்பையும் ஒன்று விடாமல் பிடிப்பது. அதற்கு முந்திய வருடம் வரைக்கும் எங்கள் வீட்டில் என் நோன்புக்கு ஒரு மரியாதையும் இருந்ததில்லை. நடுப்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னதும் உம்மா ஒரு கோப்பைச் சோற்றை என் முன்னால் வைத்து, "இது அரை நோன்பு. நாளைக்கி மத்த அரையப் புடி. ரெண்டயும் சேத்துத் தைச்சா ஒண்டு" என்பார். நானும் அதை நம்பி, பதினான்கு அரைகளில் ஏழு முழு நோன்பு பிடித்துவிட்டதாகப் பெருநாளன்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். என்னைவிட மூன்று வயது மூத்த அண்ணனான காக்கா, அந்த ஏழு நோன்பையும் எந்தத் தையல்காரனிடம் கொடுத்தாய் என்று கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கினான். அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் திட்டம்.

நோன்பு ஆடி மாத வெயிலில் வந்த காலம் அது. எங்கள் ஊர் சாய்ந்தமருதில் கச்சான் காற்று மேற்கே வயற்பக்கத்துச் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு வந்து கடற்கரை வரைக்கும் கொட்டும். சூறாவளி அடித்து இரண்டு வருடமாகியும் எங்கள் வளவில் நின்ற தென்னைகளில் பாதிக்குத் தலை இல்லை, அதனால் நிழலும் இல்லை. பத்து மணிக்கே நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். பிறகு பின்னேரத்து அஸர் தொழுகை வரைக்கும் எனக்கு இருந்த ஒரே வேலை கிணற்றைப் பார்க்காமல் இருப்பது.

இந்தத் திட்டத்தில் எனக்குக் கூட்டு என் சாச்சி, உம்மாவின் தங்கை. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் உம்மாவின் வீடும் சாச்சியின் வீடும் ஒரே வளவுக்குள், நடுவில் ஒரு கிணறு மட்டும் இருக்க, பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சாச்சிக்கு அப்போது இருபத்து நான்கு வயதிருக்கும். கலியாணமாகி நான்கு வருடம். சாச்சா வரிப்பத்தான்சேனைக்காரர். வயல் அங்கே, மனைவி இங்கே என்று கிழமையில் பாதி நாளை பஸ்ஸிலேயே கழித்தார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அது ஒரு குறை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சாச்சிக்குத்தான் நான் இருந்தேனே.

சாச்சி தையல் தைப்பவர். பெருநாள் சட்டைக்கு வரும் பிள்ளைகளின் அளவுகளைத் தையல் சோக்கால் தன் அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் எழுதி வைப்பார். அந்தக் கதவின் ஒரு மூலையை எங்களுக்கு ஒதுக்கினார். மேல் வரி எனக்கு, கீழ் வரி சாச்சிக்கு. ஒவ்வொரு நாளும் நோன்பு துறந்து கஞ்சி குடித்த பிறகு ஆளுக்கொரு கோடு போடுவோம். பதினொரு நாள் வரைக்கும் இரண்டு வரிகளும் ஒரே நீளத்தில் ஓடின. எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை. காக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். அவன் இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டுப் போனான்.

பன்னிரண்டாம் நாள் பகலில் ஊசி கேட்டு உம்மா என்னைச் சாச்சி வீட்டுக்கு அனுப்பினார். குசினிக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். சாச்சி அடுப்போரம் குந்தியிருந்து பழைய சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கவளம் வாய்க்கருகில் நின்றது.

"துப்புங்க சாச்சி!" என்று கத்தினேன். "மறந்து சாப்பிட்டா நோன்பு முறியாதாம். வாயக் கொப்புளிச்சிட்டு இரிங்க."

"சத்தம் போடாத. கதவச் சாத்து" என்றார் சாச்சி. "மறக்கல்ல மகள். எனக்கு இப்ப நோன்பில்ல."

"ஏன்? காய்ச்சலா?"

"காய்ச்சலில்ல."

"அப்ப ஏன்?"

"ஏலாண்டா ஏலா. ஊசி மெஷின்ல இரிக்கி. எடுத்திட்டுப் போ."

நான் ஊசியை எடுக்காமலே வந்துவிட்டேன். காய்ச்சல் இல்லை, பயணம் இல்லை, மறதியும் இல்லை. மௌலவி ஓதப்பள்ளியில் சொல்லித்தந்த காரணங்களில் எனக்குத் தெரிந்தவை அவ்வளவுதான். அன்று மாலை சாச்சி எங்கள் பாயில் வந்து உட்கார்ந்தார். பாங்கு சொன்னதும் எல்லோரையும் போல பிஸ்மில்லாஹ் சொல்லி ஈச்சம்பழத்தைக் கடித்தார். ஒரு பொட்டுக் கூச்சம் இல்லை. முனாஃபிக் என்ற சொல்லை, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இருப்பவர் என்ற பொருளோடு, அந்தக் கிழமைதான் நாங்கள் படித்திருந்தோம். என் சொந்தச் சாச்சியே அப்படி ஒருவரா என்று நினைக்க எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கு அலுமாரிக் கதவில் என் கோடு மட்டும் தனியாக ஒரு படி முன்னே போனது. அது வெற்றி போலவும் இல்லை.

மூன்றாம் நாள் மாலை மாமி வந்தார். சாச்சாவின் உம்மா அவர், சாச்சிக்கு மாமியார். நாங்களும் மாமி என்றே கூப்பிட்டோம். தலையில் துப்பட்டியும் கையில் உறியில் கட்டிய தயிர்ச் சட்டியுமாக, பஸ்ஸில் இடிபட்டு வந்து இறங்குவார். மாமி கெட்டவர் அல்ல. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவருடைய சட்டித் தயிரில் பாதி எப்போதும் எனக்குத்தான். நோன்பு துறக்க எல்லோரும் பாயில் உட்கார்ந்தபோது, தைத்து அடுக்கியிருந்த சட்டைகளைப் பார்த்துவிட்டு அவர் உம்மாவிடம் சொன்னார்.

"இந்த வெக்கையில நோன்பும் புடிச்சி இவ்வளவு தைச்சிரிக்காவே. என்ட மருமகளுக்கு நல்ல ஈமான்."

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"சாச்சி நோன்பில்ல!" என்றேன். "மூணு நாளாப் பகல்ல சோறு சாப்பிடுறாங்க. என்ட கண்ணால கண்டன்."

உம்மா கையில் இருந்த அகப்பையோடு அப்படியே நின்றார். மாமி சாச்சிக்கு ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. மாமியின் முகம் மலர்ந்தது. அவர் அவ்வளவு சந்தோஷமாக நான் அதுவரை பார்த்ததில்லை. நகர்ந்து போய்ச் சாச்சியின் நாடியைப் பிடித்து நிமிர்த்தி, "மெய்யாவா மகள்? எத்தின மாசம்? எனக்கு ஏன் செல்லல்ல?" என்று கேட்டார்.

சாச்சி தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல மாமி. அது மாசா மாசம் வாறதுதான்" என்றார். சொன்னது வெளியே கேட்டதும் கேட்காததுமாக இருந்தது.

மாமி கையை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினார். பாங்கு சொன்னது. எல்லோரும் துறந்தார்கள். மாமி மட்டும் ஈச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். போகும்போது உம்மாவிடம் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "நாலு வருஷம் பாத்தாச்சி. எனக்கு இரிக்கிறது ஒரே ஆம்புளப் புள்ள. அடுத்த நோன்பு வரைக்கும் பாப்பம். அதுக்குள்ள ஒரு நல்ல சேதி வரல்லண்டா, இறக்காமத்தில ஒரு புள்ள இரிக்கி. மகனுக்குக் கேக்கத்தான் வேணும்."

மாமி வாசல் கடப்பைத் தாண்டியதும் உம்மா என் தொடையில் கிள்ளினார். அந்தக் கிள்ளலின் அடையாளம் பெருநாள் வரைக்கும் இருந்தது. எதற்குக் கிள்ளு என்று கேட்டதற்கு இன்னொரு கிள்ளு கிடைத்தது. சாச்சி ஏசவே இல்லை. அதுதான் என்னை இன்னும் குழப்பியது. தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் என் அறிவுக்கு எட்டியபடி இதையெல்லாம் கூட்டிப் பார்த்தேன். சாச்சி நோன்பை விட்டார். அதை நான் சொன்னேன். மாமி கோபித்து, அடுத்த நோன்பு வரைக்கும் தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் சாச்சி விட்ட நோன்புகளையெல்லாம் பிடித்து முடிக்காவிட்டால், நோன்பை ஒழுங்காகப் பிடிக்கும் இறக்காமத்துப் பெண் ஒருத்திக்குச் சாச்சாவைக் கொடுத்துவிடுவார். மாமி முதலில் ஏன் சந்தோஷப்பட்டார் என்பது மட்டும் இந்தக் கணக்கில் இடிக்கவே செய்தது. அதை நான் ஒதுக்கி வைத்தேன். என் வாயால் சாச்சியின் வாழ்க்கை போகப்போகிறது என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அந்தப் பயத்தோடு இருக்கும்போதே என் சொந்தத் திட்டமும் கவிழ்ந்தது. பத்தொன்பதாம் நோன்பன்று காய்ச்சல் அடித்தது. உம்மா என் மூக்கைப் பிடித்துக்கொண்டு கொத்தமல்லித் தண்ணீரை வாயில் ஊற்றினார். மூன்று நோன்பு போயிற்று. எழுந்து நடக்க முடிந்த அன்றைக்கு நான் செய்த முதல் வேலை, ஒரு ஈரத்துணியோடு போய் அலுமாரிக் கதவில் இருந்த என் கோடுகளையெல்லாம் அழித்தது. முப்பது இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம். எனக்கு அந்தக் குணம் பிறவியிலேயே இருந்தது. ஒரு எழுத்துப் பிழைத்தால் முழுப் பக்கத்தையும் கிழிப்பேன்.

சாச்சி பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சோக்கை எடுத்து, என் பதினெட்டுக் கோடுகளையும் திரும்பப் போட்டார். சற்றுத் தள்ளி மூன்று சிறிய வட்டம் போட்டு, "இது நீ புடிக்க இரிக்கிற" என்றார். தன் வரியின் முடிவில் ஏழு வட்டம் போட்டார். "இது நான் புடிக்க இரிக்கிற. பெருநாள் முடியட்டும்."

"பெருநாளுக்குப் பிறகு புடிச்சா அது நோன்பா?"

"ஓம். களா நோன்பு. விட்டதத் திரும்பிப் புடிக்கிற."

"அடுத்த நோன்புக்குள்ள புடிச்சிருவீங்களா? ஏழும்?"

"இன்ஷா அல்லாஹ்" என்றார். என் குரலில் இருந்த அவசரத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திட்டத்தை நானே போட்டேன். திங்கட்கிழமைகளில் நோன்பு பிடிப்பது நபி வழியான சுன்னத்து என்று படித்திருந்தேன். ஏழு திங்கள், ஏழு நோன்பு, மாரி தொடங்குமுன் எல்லாம் முடிந்துவிடும். முதல் திங்கள் இருவரும் பிடித்தோம். இரண்டாம் திங்களுக்குள் சாச்சாவிடமிருந்து ஆள் வந்தது. சிறுபோக நெல் வெட்டுத் தொடங்கிவிட்டது, வெட்டுக்காரர்களுக்குச் சமைக்க ஆளில்லை என்று சாச்சியை வரிப்பத்தான்சேனைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே அடுப்படியில் நாள் முழுதும் வெந்துவிட்டு அவர் வெள்ளிக்கிழமை திரும்பி வந்தார்.

"வாற வியாழன் புடிப்பம்" என்றார்.

"வியாழனா? திங்கள் எண்டுதானே பேச்சு?"

"போன திங்கள்தான் போயிட்டே. வாற திங்கள் கலியாண வீடொண்டு இரிக்கி. வியாழனுக்கு ஒரு வேலயுமில்ல."

கிளித்தட்டு விளையாடும்போது நடுவில் கோட்டைத் தள்ளிக் கீறுவது போல எனக்கு இருந்தது. இப்படி நாளை மாற்றிக்கொண்டே போனால் அது என்ன திட்டம்? என் இரண்டாவது களா நோன்பை அந்த வியாழன் பத்து மணிக்கு, பள்ளிக்கூட வாசலில், ஒரு ஐஸ்பழத்தால் முறித்தேன். எப்படியும் திட்டம் கெட்டுவிட்டது, இனிப் பிடித்தென்ன விட்டென்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாச்சி அன்று பிடித்து முடித்தார். என் வட்டங்களில் இரண்டு அப்படியே இருந்தன. அவருடையதில் ஐந்து.

அதன் பிறகு நான் பிடிப்பதை விட்டுவிட்டுக் கண்காணிப்பதை எடுத்துக்கொண்டேன். அது வசதியான வேலை. ஒவ்வொரு ஞாயிறும் போய், "நாளைக்கா சாச்சி?" என்று கேட்பேன். சில கிழமைகளில் "ஓம்" என்பார். சில கிழமைகளில் கேட்கும் முன்பே "இந்தக் கிழம ஏலா" என்பார். அந்த ஏலாத கிழமை எப்போது வரும் என்று கண்டுபிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பிறையைப் பார்த்தேன். சந்தை நாளைப் பார்த்தேன். சாச்சா வந்து போகும் நாட்களைக் குறித்துப் பார்த்தேன். ஒன்றோடும் ஒத்துவரவில்லை. உம்மாவிடம் கேட்டதற்கு, "உனக்கும் ஒரு காலம் வரும், அப்ப வெளங்கும்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனார்.

மாரியில் வெள்ளம் வந்தது. மேற்கே வயல் நிறைந்து வழிந்த தண்ணீர் தெருக்களை ஆறாக்கிக்கொண்டு கடலுக்குப் போனது. எங்கள் இரண்டு வீட்டுக் குசினியிலும் முழங்காலளவு நின்றது. மண்ணடுப்புக் கரைந்தே போயிற்று. தெருக்காரர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் நான்கு நாள் இருந்தோம். அங்கே இரண்டாம் நாள் பகல் சோற்றுப் பொட்டலம் பங்கிட்டார்கள். எல்லோரும் பிரித்துச் சாப்பிட, சாச்சி தன் பொட்டலத்தை எடுத்துத் துணிக்குள் வைத்தார். விடியமுன் ஒரு பணிஸைத் தின்று தண்ணீர் குடித்து நோன்பு வைத்திருக்கிறார்.

"இப்ப ஏன் சாச்சி? வெள்ளம் எண்டு நோன்ப உடலாந்தானே?" என்றேன்.

"இண்டைக்கி ஏலும். அதான்" என்றார் சாச்சி.

கலியாண வீட்டுக்காக விட்டவர், வெட்டுக்காக விட்டவர், ஒரு காரணமும் இல்லாமல் கிழமைக் கணக்கில் விட்டவர், வீடே மூழ்கிக் கிடக்கும்போது பிடிக்கிறார். இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பிடிவாதக்காரி என்று பார்த்தால் நாளுக்கு ஒரு நாள் மாற்றுகிறார். சாட்டுக்காரி என்று பார்த்தால் வட்டங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. இப்போது என் களாக்களை நானும் அப்படித்தான் பிடிக்கிறேன். திட்டமெல்லாம் போடுகிறேன், அதில் பாதி நடப்பதில்லை, நோன்பு மட்டும் எப்படியோ முடிந்துவிடுகிறது. ஆனால் அன்றைக்கு அது எனக்கு ஒழுங்கு மாதிரித் தெரியவே இல்லை.

பெரும்போக வெட்டு முடிந்தபோது சாச்சிக்கு ஆறு முடிந்திருந்தது. ஒரே ஒரு வட்டம் பாக்கி. அடுத்த நோன்புக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. சாச்சாவை யாரும் எங்கும் கொண்டுபோக முடியாது என்று எனக்கு நெஞ்சு இலேசானது.

அந்தக் கடைசி ஒன்றில்தான் சாச்சி கைவிட்டார். "நாளைக்கா?" என்று கேட்டால் "பாப்பம்" என்றார். ஒரு மாதம் போயிற்று. இரண்டாம் மாதமும் போகத் தொடங்கியது. முன்பு மாதத்தில் ஒரு கிழமைதான் ஏலாமல் இருந்தது. இப்போது எல்லாக் கிழமையும் ஏலவில்லை. மெஷினுக்குத் துணி போர்த்திவிட்டார். பட்டப்பகலில் பாயை விரித்துப் படுத்தார். கிணற்றடிக்குப் பின்னால் போய் ஓங்காளித்தார். மீன் பொரிக்கும் மணம் எங்கள் குசினியிலிருந்து வந்தால் அங்கே கதவைச் சாத்துவார். ஆனால் அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பச்சையரிசியை அள்ளி அள்ளிக் கொறிப்பார். ஆறு நோன்பு பிடித்தவர் ஏழாவதற்கு முன்னால் இப்படிச் சரிந்து கிடப்பதைப் பார்க்க எனக்கு ஆத்திரமும் பயமும் சேர்ந்து வந்தன.

"ஒண்டுதான் சாச்சி" என்று கெஞ்சினேன். "ஒண்டே ஒண்டு. ஒரு பகல்."

சாச்சி என் வாயைத் தன் கையால் பொத்தினார். "நான் சாப்பிடுற, சத்தி எடுக்கிற ஒண்டயும் ஒருத்தரிட்டயும் செல்லாத கிளி. மாமிட்ட செல்லவே கூடா. மூணு மாசம் நெறயட்டும். போன முற மாதிரி ஆகக் கூடா" என்றார்.

போன முறை மாதிரி என்றதும் என் முகம் சிவந்திருக்க வேண்டும். அது நான் செய்த வேலை. வாயைத் திறப்பதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். மூன்று மாதம் எதற்கு, அதற்குள் ரமழானே வந்துவிடுமே என்று மட்டும் விளங்கவில்லை.

நோன்புக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மாமி வந்தார். இந்தமுறை கையில் தயிர்ச் சட்டி இல்லை. நான் சாச்சி வீட்டு விறாந்தையில் தனியே கல் விளையாடிக்கொண்டிருந்தேன். சாச்சி உள்ளே படுத்திருந்தார். மாமி கதிரையில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார்.

"சாச்சி எங்க மகள்?"

"உள்ள படுத்திரிக்காங்க."

"இந்நேரத்திலயா? ஏன், சொகமில்லயா?" என்று கேட்டுக்கொண்டு மாமி என் பக்கம் சாய்ந்தார்.

"சொகந்தான் மாமி. நோன்பு புடிச்சிரிக்காங்க. அதான் களப்பு." ஒரு வருடமாக நான் சொல்லக் காத்திருந்த செய்தி அது. "போன நோன்புல ஏழு உட்டாங்கதானே. ஆறு புடிச்சி முடிஞ்சி. இண்டைக்கி ஏழாவது. இனி ஒண்டும் பாக்கியில்ல. வல்லாஹி!"

மாமி சிரிப்பார் என்று நினைத்தேன். மாமியின் முகம் வாடிப் போயிற்று.

"சத்தி கித்தி எடுக்கிறாவா?" என்று கேட்டார்.

"இல்லவே இல்ல."

"வாய்க்கு அது இது வேணுமெண்டு கேக்கிறாவா?"

"நோன்புல எப்படி மாமி கேக்கிற? தண்ணி கூட வாயில படல்ல. வல்லாஹி."

நான் சாச்சியைப் பற்றி எவ்வளவு நல்லதாகச் சொன்னேனோ அவ்வளவுக்கு மாமி தளர்ந்து போனார். கடைசியில் எழுந்து நின்றார். "உங்கட உம்மாவக் கூப்புடு. நாளைக்கி இறக்காமத்துக்குப் போறன். செல்லாமப் போனா சரியில்ல, அதுக்குத்தான் வந்தன்" என்றார்.

ஏழு நோன்பும் பிடித்தாயிற்று என்று சத்தியம் பண்ணிச் சொல்லியும் இறக்காமமா? நான் மாமியின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினேன். "அதான் ஏழும் புடிச்சிட்டாங்களே மாமி! சாச்சாவக் குடுத்திராதீங்க!" என்று கத்தினேன். சத்தம் கேட்டு உம்மா கிணற்றடியிலிருந்து ஓடி வந்தார். அதே நேரம் உள்ளே சாச்சி ஓங்காளிக்கும் சத்தம் கேட்டது. ஒருமுறையல்ல, இரண்டு மூன்று முறை. பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சாச்சி வெளியே வந்து நின்றார். உதட்டோரத்தில் இரண்டு பச்சையரிசி ஒட்டியிருந்தது.

மாமி அந்த அரிசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சாச்சியைப் பார்த்தார்.

"நோன்போடயா மகள் அரிசி திண்டுற?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு நோன்பில்ல மாமி. ரெண்டர மாசம்" என்றார் சாச்சி.

மாமி கதிரையில் உட்காரப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்படியே முகத்தைத் துப்பட்டியால் மூடிக்கொண்டு அழுதார். சாச்சி அவர் பக்கத்தில் குந்தி, மாமியின் தோளில் நெற்றியை வைத்து அழுதார். உம்மா ஈரக்கையோடு நின்று அழுதுகொண்டே சிரித்தார். நான் ஒருத்திதான் அந்த விறாந்தையில் ஒன்றும் விளங்காமல் நின்றேன். சாச்சி பட்டப்பகலில் சாப்பிட்டுப் பிடிபட்டிருக்கிறார், அதற்கு ஏன் எல்லோருக்கும் இவ்வளவு சந்தோஷம்? அதைவிடப் பெரிய கவலை, நான் இரண்டு தரம் அல்லாஹ்வின் பேரால் பொய்ச் சத்தியம் செய்திருக்கிறேன். மாமி என்னை இழுத்து, "அடி பொய்காரி" என்று இரண்டு கன்னத்திலும் முத்தினார். பொய்ச் சத்தியத்துக்கு முத்தமா? எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. உம்மாவிடம் தனியே போய், நான் நரகத்துக்குப் போவேனா என்று கேட்டேன். "பொய்ச் சத்தியத்துக்கு மூணு நோன்பு புடி, சரியாகும்" என்று உம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். அந்த மூன்றையும், ரமழான் வரும் முன், நரகத்துக்குப் பயந்து ஒழுங்காகப் பிடித்தேன். இறக்காமத்தைப் பற்றிப் பிறகு யாரும் கதைக்கவில்லை.

அந்த ரமழானில் மாமி எங்களோடுதான் இருந்தார். மருமகளை ஒரு நோன்பும் பிடிக்க விடவில்லை. நோன்பு பிடித்த கையாலேயே பகலில் அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்தார். என் வரி ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. சாச்சியின் வரியில் ஒரு கோடு கிடையாது. கடைசி நாள் மாலை, பாங்குக்கு முன், நான் எண்ணிப் பார்த்துவிட்டு அவரிடம் போய்ச் சொன்னேன்.

"சாச்சி, போன வருஷத்து ஒண்டு. இந்த வருஷத்து முப்பது. உங்களுக்கு இப்ப முப்பத்தொண்டு போயிட்டு."

"ஓம், முப்பத்தொண்டு" என்றார் சாச்சி, பரிசு கிடைத்தவர் மாதிரி. "இனிப் பாலும் குடுக்கணும். எப்ப புடிச்சி முடிக்கப் போறனோ!" சொல்லிவிட்டு அவர் சிரிக்க, மாமியும் சேர்ந்து சிரித்தார்.

எனக்கு அவர்மேல் பெரிய இரக்கம் வந்தது. வெள்ளத்துக்குள் நின்று ஆறு நோன்பைப் பிடித்துக் குறைத்தவர், இப்படி ஒரேயடியாக முப்பத்தொன்றில் போய் விழுந்து, அது விளங்காமல் சிரிக்கிறாரே என்று நினைத்தேன். நோன்பாளி நோன்பு துறக்கும் நேரத்தில் கேட்கும் துஆவை அல்லாஹ் தட்டமாட்டான் என்று மௌலவி சொல்லியிருந்தார். நான் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து கையை ஏந்தினேன். யா அல்லாஹ், சாச்சிக்கு வந்தது போல எனக்கு ஒருநாளும் வரக் கூடாது, ஒரு ரமழானிலும் என் முப்பது நோன்பும் ஒருசேர விடுபடக் கூடாது என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கேட்டேன்.

எனக்குக் கலியாணமாகி இருபத்தாறு வருடங்கள் ஆகின்றன. ஒரு ரமழானிலும் எனக்கு முப்பது நோன்பும் ஒருசேர விடுபட்டதில்லை. அதற்குப் பிறகு நான் அழுது அழுது கேட்ட துஆக்கள் எத்தனையோ. அல்லாஹ் ஏற்றுக் கபூலானது அதுதான்.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. பாங்கு சொன்னது. ஏந்திய கையை முகத்தில் தடவிக்கொண்டு, முப்பதையும் முடித்த சந்தோஷத்தில் இரண்டு கோப்பைக் கஞ்சி குடித்தேன்.